பப்பில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

தேர்வாய் கண்டிகையில் எங்கள் கம்பெனிக்கு வந்த புது இயந்திரத்தைப் பொருத்த அயர்லாந்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். அதை ஓட்டப் பழக, மூன்று மாதம் அவருடைய ஊருக்கு என்னை அனுப்புவதாகச் சொன்னார்கள். என் பாஸ்போர்ட் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. சாவி அவள் இடுப்பில்.

தங்கப்போகும் இடத்தின் படத்தை நானே காட்டிக் கெடுத்துக்கொண்டேன். மாடியில் அறை, கீழே பப், அங்கேதான் சாப்பாடு. மேசை நிறைய வறுத்த கறியும் உருளைக்கிழங்கும். அம்மா பார்த்தது பின்னால் அடுக்கியிருந்த பாட்டில்களை.

"சாராயக்கடையில சோறா? யார் காதுல பூ சுத்துற?"

அப்பாவைக் குடிக்குப் பறிகொடுத்தவள். நான் ஷிப்ட் முடிந்து வந்தால், தண்ணீர் கொடுக்கும் சாக்கில் இன்றும் என் வாயை மோந்து பார்ப்பாள்.

"அங்க குடும்பமா போவாங்கம்மா. புள்ளைங்ககூட வரும்."

"உங்கப்பனும் உன்னத் தூக்கிக்கினுதான் போனான். ஊறுகாய நக்கிக்கினு கெடந்த. அந்த இன்ஜினியரையே இட்டுக்கினு வா, நான் கேக்கறேன்."

ஞாயிறு மாலை வந்தார். பழவேற்காட்டு இறால் தொக்கை வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டார். அம்மா கேட்டதை நான் ஆங்கிலத்தில் கேட்டு, அவர் பதிலைத் தமிழில் சொன்னேன். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனாலேயே அம்மாவுக்கு என்மேல் சந்தேகம்.

"அவரு அவ்ளோ நேரம் பேசுனாரு, நீ ரெண்டு வார்த்தையில முடிச்சிட்ட. மிச்சம் எங்கடா?"

அவருக்கு என்ன புரிந்ததோ, தன் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டார். அங்கே அப்போது மதியம். அவருடைய அம்மா சர்ச் முடிந்து பப்பில்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பேத்தி, உருளைக்கிழங்கைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் தட்டைத் தூக்கிக் காட்டினார். கூடவே ஒரு கண்ணாடி டம்ளரும் தெரிந்தது.

"அது இன்னா, கறுப்பா?"

கூல்டிரிங்க்ஸ் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"கறுப்பு பீரும்மா."

அம்மா என்னையே பார்த்தாள். "மாத்திச் சொல்லியிருந்தா பாஸ்போர்ட்ட அடுப்புல வெச்சிருப்பேன். நான் பாக்காத நொரையா?"

பிறகு, "எத்தினியாவது கிளாஸுன்னு கேளு."

கேட்டேன். அந்த அம்மாள் சிரித்து ஒரு விரலைக் காட்டினார். அம்மா அதை நம்பாமல் பேத்தியின் முகத்தைப் பார்த்தாள். வாய் நிறைய உருளைக்கிழங்கோடு, அவளும் ஒரு விரலைக் காட்டினாள்.

அம்மா எழுந்து, இடுப்புச் சாவியை உருவிக்கொண்டு பெட்டிப் பக்கம் போனாள்.