பத்து மணிப் பால்

சங்கத்தில் சேர்ந்த பிறகுதான் எழுத்துக் கூட்டப் பழகினேன். அதனால் இதையும் மெதுவாகத்தான் எழுதுகிறேன். இலங்கை மலைநாட்டில், ராகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாதர் சங்கத் தலைவியாக இருந்தவள் நான். மாரியம்மன் கோவில் முற்றத்தில் பெண்கள் கை தூக்கி என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நாட்டில் எங்கள் தோட்டத் தமிழ் ஆட்களின் ஓட்டைப் பறித்துச் சில வருஷம் ஆகியிருந்த காலம் அது.

கொழுந்து மலையில் எங்களை வேலை வாங்கிய கங்காணிக்கு அது பெரிய கேலி.

"ஓட்டே இல்லாதவளுகளுக்கு எலக்சன் ஒரு கேடா? தலைவியம்மா அடுத்து பார்லிமெண்டுக்கா?"

"போறப்ப ஒங்களையும் கூட்டிக்கிட்டுப் போறேன் கங்காணியாரே. கூடை தூக்க ஆள் வேணும்ல?"

மலையே சிரித்தது. அந்தச் சிரிப்பை அவர் மறக்கவில்லை.

கீழ்க் கிராமத்துச் சிங்களப் பெண் ஒருத்தியும் எங்களோடு கொழுந்து எடுத்தாள். கைக்குழந்தைக்காரி. பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஆயாவிடம் விட்டுவிட்டு மலை ஏறுவாள். பத்து மணிக்குத் தாய்மார் இறங்கிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவது வழக்கம். கொழுந்து அதிகம் என்று சொல்லிக் கங்காணி அதை நிறுத்திவிட்டார்.

பனிக்குள் நின்று அவள் கிள்ளிக்கொண்டிருந்தாள். பால் கட்டி, ரவிக்கை நனைந்திருந்தது. மடுவத்துப் பிள்ளைகளின் அழுகை மலை வரைக்கும் கேட்டது.

"அக்கே, வலிக்குது" என்றாள், தனக்குத் தெரிந்த தமிழில். அவள் என்னை அக்கே என்பாள், நான் அவளை நங்கி என்பேன், சிங்களத்தில் தங்கை.

அவளுக்கு ஓட்டு உண்டு, எனக்கு இல்லை. பால் கட்டினால் இரண்டு பேருக்கும் ஒரே வலிதான். நாடு, நியாயம் என்று ஹட்டனில் சங்க மேடையில் பேசக் கேட்டதெல்லாம் அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக விளங்கியது.

"கூடைய எறக்கி வச்சிட்டுப் போ நங்கி. பால் குடுக்கிறவங்க எல்லாரும் போங்க. கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

போனார்கள்.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி எல்லோருக்கும் நிரை பிரித்தார். நிரை என்றால் ஆளுக்கு ஒதுக்குகிற தேயிலை வரிசை. எனக்குப் பள்ளத்து ஓரம். கால் வைத்தால் மண் சரியும்.

"எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேளு, நல்ல நெரை தாரேன். பத்து மணிய மட்டும் மறந்துடு."

நான் கூடையை மாட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினேன்.

எடைக்குத்தான் கூலி என்பதால் ஒருத்தி நிரையில் இன்னொருத்தி கை வைத்தால் எங்களுக்குள் குடுமிப்பிடிச் சண்டை வரும். அன்றைக்கு நான் பின்தங்கியபோது நங்கி இறங்கி வந்து என் செடியில் கை வைத்தாள். கிள்ளிய கொழுந்தை என் கூடையில் போட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள்.

"அடுத்தவ நெரையில யாருடி கை வைக்கிறது?" கங்காணி கத்தினார்.

"இன்னைக்கு மலை பூரா ஒரே நெரைதான் கங்காணியாரே, முடிஞ்சா பிரிச்சுக் காட்டுங்க!" என்றாள் என் மதினி.

சத்தம் கேட்டுத் தோட்டத்தை நடத்துகிற துரை வந்தார்.

"என்னா வேணும் ஒனக்கு?"

துரையைக் கண்டால் தலை குனிகிற எங்கள் பழக்கத்தை அன்றைக்கு விட்டேன்.

"எனக்கு ஒன்னும் வேணாங்க தொரை. எம் பிள்ளைக வளந்துட்டாங்க. பால் குடிக்கிற பிள்ளைகளுக்குப் பத்து மணி வேணும்."

நான் பேசப் பேச, பெண்கள் எல்லோரும் செடியிலிருந்து கையை எடுத்தார்கள். கோவில் முற்றத்தில் எனக்காகத் தூக்கிய அதே கைகள். மலையில் கொழுந்து கிள்ளுகிற சத்தமே இல்லை. துரை அந்தக் கைகளைப் பார்த்தார், கங்காணியையும் பார்த்தார்.

"சரி, தாய்மார போகச் சொல்லு. மத்தவங்க கொழுந்து எடு."

நங்கி முன்னால் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் மடுவத்து அழுகை ஒவ்வொன்றாக அடங்கியது. நாங்கள் மேலே கிள்ளிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு எங்கள் மலையில் பத்து மணியை யாரும் நிறுத்தவில்லை. கங்காணி இருந்தவரைக்கும் எனக்கு ஒரு நல்ல நிரை கொடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை.