கையிலேயே குடுங்க, ஆன்ட்டி

ஷார்ஜாவிலிருந்து கோர்ஃபக்கான் போய்ச் சேர்வதற்குள் என் சாதியைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று ஆன்ட்டி முடிவு கட்டியிருந்தார். கண்டுபிடிக்க விடுவதில்லை என்று நானும் முடிவு கட்டியிருந்தேன்.

தென்காசிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து, மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டர் படிக்க வந்தவள் நான். ஷார்ஜாவில் முவைலா என்ற பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் தங்க வைத்தார்கள். அங்கிள், ஆன்ட்டி, என் வயதில் ஒரு மகள். அடுத்த செமஸ்டர் அந்த மகள் எங்கள் கல்லூரிக்கு வந்து எங்கள் வீட்டில் தங்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவளுக்கு அதில் கொள்ளை ஆசை. ஆன்ட்டிதான் சரி என்று சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார். அவர் பிறந்த ஊர் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். வினையே அதில்தான் இருந்தது.

முந்தின நாள் போனில் அம்மா சொன்னாள்: "தெருவக் கேட்டாங்கன்னா தேரடித் தெருன்னு சொல்லிரு. வீட்டுல எடமில்லன்னு அந்தப் பிள்ள வாறதையும் தட்டிக் கழிச்சிரு. நீ படிச்சிட்டு நல்லபடியா வந்து சேரு, போதும்." அம்மா மீது கோபம் வரவில்லை. அவளை இப்படிப் பேச வைத்தவர்கள் மீதுதான் வந்தது.

லீவு நாள். அங்கிள் "யல்லா, யல்லா" என்று விரட்டி எல்லோரையும் காரில் ஏற்றினார். ஆன்ட்டி முன்சீட்டில் உட்கார்ந்து, பாதி உடம்பைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே மணல் போய் மலை வந்தது. அவர் ஒன்றையும் பார்க்கவில்லை.

"உங்க குலசாமி எதும்மா?"

"அம்மாவுக்குத்தான் தெரியும் ஆன்ட்டி."

"அப்பா முழுப் பேரு?"

சொன்னேன். அதில் அவருக்கு ஒன்றும் சிக்கவில்லை.

"கல்யாணம் காச்சின்னா உங்க பக்கம் என்ன சீர் செய்வாங்க?"

"கையில இருக்கதச் செய்வாங்க."

பக்கத்தில் மகள் காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

மசாஃபி சந்தையில் பழம் வாங்க நிறுத்தினோம். கடைக்கு வந்திருந்த ஓர் அரபிப் பெரியவர் எங்களைப் பார்த்து, "ஹிந்தி?" என்று கேட்டார். அந்த ஊரில் இந்தியர் எல்லோருக்கும் அதுதான் பெயர். எங்கள் நால்வருக்கும் சேர்த்து ஆன்ட்டியே சந்தோஷமாகத் தலையாட்டினார்.

சந்தையைத் தாண்டி ஒரு மர நிழலில் பாய் விரித்தோம். ஆன்ட்டி பெரிய எவர்சில்வர் சட்டியில் சாம்பார் சோற்றைப் பிசைந்து, உருட்டி உருட்டி எங்கள் கைகளில் வைத்தார். என் முறை வந்தபோது, உருண்டையை என் உள்ளங்கையில் வைத்துப் பெருவிரலால் நடுவில் ஒரு குழி அழுத்தி, அதில் நெய் விட்டார். வீட்டைவிட்டு வந்தபின் ஒருவர் கையால் அப்படிச் சாப்பிட்டது அன்றுதான். அந்த நிமிடம் ஆன்ட்டியை எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது.

திரும்பவும் கார். திப்பா தாண்டிக் கடலோரமாகப் போகும்போது அவர் சுற்றி வளைப்பதை நிறுத்தினார்.

"பொம்பளப் பிள்ளைய அனுப்பணும்னா வீடு எந்தத் தெருன்னு எனக்குத் தெரியாண்டாமா?"

மகள் பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். தேரடித் தெரு என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பொய்க்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வர முடியாது. நானும் என் வீட்டை ஒளித்து வைத்தவளாகி இருப்பேன். நான் எதற்கு ஒளிக்க வேண்டும்?

"காலனி, ஆன்ட்டி. பஸ் ஸ்டாண்டுக்குத் தெக்க, ஓடையத் தாண்டி. எங்க தாத்தா காலத்துலருந்து அங்கதான் இருக்கோம்."

எங்கள் பக்கத்தில் காலனி என்றால் யார் இருக்கும் இடம் என்று ஆன்ட்டிக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அங்கிள் ஏசியைக் கூட்டி வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து ஆன்ட்டி, "இப்ப உங்களுக்கெல்லாம் நிறைய வசதி செஞ்சு குடுக்காங்கல்ல" என்றார். அப்புறம் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். கேள்விகள் கலாஸ், அத்தோடு முடிந்தன.

கோர்ஃபக்கான் கடற்கரையில் வெயில் இறங்கியிருந்தது. இரண்டாவது சட்டியைத் திறந்தார், தயிர்சோறு. அங்கிளுக்கும் மகளுக்கும் உருட்டிக் கையில் வைத்து, குழி அழுத்தி வத்தக்குழம்பு ஊற்றினார். பிறகு பையைத் துழாவி ஒரு பேப்பர் தட்டை எடுத்தார். அதில் கரண்டியால் சோற்றை அள்ளிப் போட்டு, பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்றையும் செருகி, என் பக்கம் தள்ளினார்.

எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. அழுகையும் வந்தது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினேன்.

"ஆன்ட்டி, மத்தியானம் மாதிரி கையிலேயே குடுங்க."

"தட்டு இருக்குல்லம்மா. கையெல்லாம் பிசுபிசுன்னு ஆயிரும்."

"பரவால்ல. கழுவுறதுக்குத்தான் கடல் கிடக்கே."

அங்கிள் தூரத்தில் நின்ற கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை மடக்கவில்லை. தோள் வலித்தது, அப்போதும் மடக்கவில்லை.

"மம்மி, அவ கேக்குறால்ல" என்றாள் மகள்.

ஆன்ட்டி ஓர் உருண்டை உருட்டினார். என் கைக்கு ஒரு சாண் மேலேயே விரல்களை விட்டார். அது விழுந்து உடைந்தது. பாதி என் கையில், பாதி மணலில். கையில் கிடந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். நிதானமாகத்தான் சாப்பிட்டேன். பிறகு கையை மறுபடியும் நீட்டினேன்.

"குழி வைக்க மறந்துட்டீங்க ஆன்ட்டி. உங்க மக எங்க வீட்டுக்கு வந்தா எங்கம்மா குழி அழுத்தித்தான் குடுப்பாங்க."

சொல்லிவிட்டு, அவர் விரல்களில் இடிக்கும் அளவுக்கு என் கையை உயர்த்திப் பிடித்தேன்.