வெளியில் பரிமாறிய வைன்

என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மகள் என்னை மெல்பனுக்கு வெளியே ஒரு சின்ன வைன் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். திராட்சையைத் தவிர வேறெதுவும் சேர்க்காமல் அங்கே வைன் செய்கிறார்கள். எங்கள் இருவருக்கு மட்டும் சுவைக்கக் கொடுக்க, உரிமையாளரான வெள்ளைக்காரப் பெண்மணி உள்ளே மேசை போட்டிருந்தார்.

முதல் கிண்ணத்தை முகர்ந்து பார்த்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு, வெளியில் இருப்போமா என்று கேட்டார். அவரும் மகளும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வெளியே கடுங்குளிர். என் நிறம் பிடிக்காமல்தான் வெளியேற்றுகிறார் என்று நானே முடிவுகட்டினேன். ஒரு மணிநேரம் அவர் நடுங்கிக்கொண்டே ஒவ்வொரு வைனையும் ஊற்றி விளக்கினார். நான் முகங்கொடுக்காமலே குடித்தேன். விடைபெறும்போது அவர் நீட்டிய கையையும் காணாததுபோல் காருக்கு நடந்துவிட்டேன்.

"ஏனப்பா அப்பிடிச் செய்தனீங்கள்?" என்றாள் மகள்.

"எங்களை உள்ளுக்கு வைச்சிருக்க அவவுக்கு விருப்பமில்லை, பிள்ளை."

"ஐயோ அப்பா! கலியாண வீட்டுக்குப் போறமாதிரி சென்ட் அடிச்சுக்கொண்டு வந்திருக்கிறீங்கள். உள்ளுக்கு வைன் வாசமே தெரியேல்லை. அப்பாவுக்குச் சொல்லாதை, சங்கடப்படுவார் எண்டு கதிரை தூக்கேக்கை என்னட்டைச் சொன்னவா."

நான் தலைகுனியக் கூடாது என்றுதான் அவர் அவ்வளவு நேரம் குளிரில் நின்றிருக்கிறார். காரைத் திருப்பு, மன்னிப்புக் கேட்போம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். கூச்சத்தில் அதையும் சொல்லாமல் வீடு வந்து சேர்ந்தேன்.