பத்தொன்பது வெற்று வட்டங்கள்

உள்ளறையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. க்வேதா தேநீரை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடினாள். செக் நாட்டு மொராவியாவின் அந்தச் சிற்றூரில், இருபத்தாறு வருடங்களாகத் தினமும் காலையில் தொலைநோக்கி வழியே சூரியனின் பிம்பத்தை நோட்டுத் தாளில் விழவைத்து, அதன் கரும்புள்ளிகளை வரைந்து வருபவள் அவள். அந்த நோட்டைத்தான், தேநீருக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுத் தேனீ வளர்ப்பவர் வோய்தெக் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"பாரு க்வேதா, பத்தொன்பது வட்டம், ஒண்ணுலயும் புள்ளியே இல்ல. புள்ளி இருந்தாத்தானே சூரியனுக்குத் தெம்புன்னு சொல்லுவே, இப்போ அது செத்துப்போச்சு. அதான் வசந்தம் பூரா இப்படி மழை. தேனீங்க வெளிய போக முடியாம பட்டினி கெடக்குதுங்க. பதினாலு தேனீப் பெட்டியையும் நாளைக்கு வித்துடப் போறேன்."

க்வேதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அட மக்கு மனுஷா! மேகம் மூடின நாள்ல வட்டத்தை மட்டும் போட்டு அப்படியே விட்டுடுவேன். சூரியன் வெறுமையானதால மழை பெய்யல. மழை பெய்யறதால வட்டம் வெறுமையா இருக்கு!"

"அப்போ புள்ளிக்கும் மழைக்கும் சம்பந்தமே இல்லையா?"

"அதைத்தான் நானும் இத்தனை வருஷமா தேடறேன். புள்ளி நிறைஞ்ச வருஷம் மழையும் கொட்டியிருக்கு, வெயிலும் அடிச்சிருக்கு. இன்னும் பிடிபடல."

வோய்தெக் அந்த வட்டங்களை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"முதல் புள்ளி தெரிஞ்சதும் என் ஜன்னல்ல வந்து தட்டு. அதுவரைக்கும் பெட்டிங்க இருக்கட்டும்."

அவர் மழையில் இறங்கி நடந்தார். க்வேதா கதவைச் சாத்தினாள்.