சோரியாங்குப்பம் ஆற்றுக்குப் போன இரண்டு கேமராக்கள்

தை ஐந்தாம் நாள், காலை ஆறரை மணி. வில்லியனூர் கடைத்தெருவில் நூருல்லா பாய் எனக்காகவே கடையைச் சீக்கிரம் திறந்திருந்தார். கண்ணாடி மேசைமேல் இரண்டு டிஜிட்டல் கேமராக்கள். ஒன்று பெரியது, புத்தம் புதியது. சின்ன லென்ஸ் ஒன்றும் 70-300 ஜூம் ஒன்றும் சேர்த்து அறுபத்திரண்டாயிரம். மற்றது உள்ளங்கை அகலம்தான், ஒருவர் உபயோகித்தது, லென்ஸ் இல்லாமல் முப்பத்தெட்டாயிரம். கூடவே ஒரு உலோக வளையம். அதை மாட்டினால் என் பழைய பிலிம் கேமரா லென்ஸ்கள் இதில் உட்காரும்.

“ரெண்டையும் எடுத்துனு போங்கக்கா. ஆத்துல புடிச்சிப் பாத்துட்டு, எது வேணும்னு சாயங்காலம் சொல்லுங்க” என்றார் பாய்.

எனக்குக் கேமரா வாங்கும் ஆசை எதுவும் இல்லை. வேறு வழியில்லாமல்தான் வாங்கப் போனேன். சோரியாங்குப்பம் நான் பிறந்த ஊர். தை மாத ஆற்றுத் திருவிழாவில் எங்கள் அம்மன் தென்பெண்ணையில் தீர்த்தவாரி ஆடும் படம் அங்கே வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கும். அத்தனையும் நான் எடுத்தவை. சென்ற வருஷம் பிலிம் சென்னைக்குப் போய்க் கழுவி வருவதற்குள் ஊரே பொறுமை இழந்துவிட்டது. விழாக் குழுவில் இருக்கும் தனபால் சித்தப்பா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: “இந்த வருசம் அன்னிக்கே வாட்ஸ்அப்புல வரணும்மா. இல்லன்னா ட்ரோன் பசங்ககிட்ட குடுத்துடுவோம்.” அந்த ஒரு படத்தை நான் யாருக்கும் விடுவதாக இல்லை.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். ஸ்கூட்டர் ஓட்டியவர் என் கணவர் சேகர். கரிக்கலாம்பாக்கத்தில் டீ குடித்துவிட்டுப் பாகூர் ஏரிக்கரையில் நிறுத்தினோம். அறுத்த நெல் வயல்களில் நத்தைகுத்தி நாரைகள் மேய்ந்தன. சேகர் பெரிய கேமராவை வாங்கி ஜூமை முழுக்க நீட்டினார்.

“இன்னா க்ளியரு பாரு செல்வி. கண்ணு முழியே தெரியுது. இதுதாண்டி கேமரா.”

“நாரைக்குத் தீர்த்தவாரியா நடக்குது? வண்டிய எடு” என்றேன். ஆனால் படம் நன்றாகத்தான் இருந்தது. என் மனமும் அந்தப் பக்கம் சாய்ந்தது.

ஒன்பதரைக்கு ஆற்றில் இறங்கினோம். மணலெல்லாம் கரும்புக்கட்டு, பலூன், வளையல் கடை. ஊர் ஊராகச் சாமிகள் டிராக்டரில் வந்து வரிசையாக நின்றன. எங்கள் அம்மன் வெள்ளிக் கவசத்தில், சிவப்புக் குடையின் கீழே தண்ணீர் ஓரம் வரை வந்தாள். நான் பெரிய கேமராவைத் தூக்கினேன்.

அப்போதுதான் வினை வந்தது. எனக்கு முன்னால் இருந்த அத்தனை பேரும் போனைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். கேமரா தானாகவே போகஸ் செய்வது. அது அம்மனை விட்டுவிட்டு யாரோ ஒருவருடைய போன் உறையைக் கூர்மையாகப் பிடித்தது. மறுபடி அழுத்தினேன், ஒரு வளையல் கை. பட்டனைத் தேடி அமைப்பை மாற்ற நேரமில்லை. பூசாரி சூலத்தோடு தண்ணீரில் இறங்கிவிட்டார். அம்மனுக்காக அதை மூன்று முறை முக்குவார், அவ்வளவுதான்.

பெரியதைச் சேகரிடம் தள்ளிவிட்டு, உலோக வளையம் மாட்டியிருந்த சின்னதில், பையில் கொண்டுவந்த என் பழைய 135 மி.மீ. பிலிம் லென்ஸை வைத்துத் திருகினேன். இதில் போகஸ் கையால்தான்; வளையம் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பும் என்று விரலுக்கே தெரியும். முதல் முழுக்கு. எடுத்தேன். திரையைப் பார்த்தேன். கூர்மை அற்புதம், ஆனால் அம்மன் முகம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை.

தப்பு கேமராவுடையது இல்லை, என் கையுடையது. குடை நிழலில் இருக்கும் முகத்துக்காக வெளிச்சத்தைத் தாராளமாகக் கூட்டி வைப்பது பிலிம்காரர் பழக்கம். கூடினதைப் பிரிண்ட் போடும்போது மீட்டுவிடலாம். டிஜிட்டலில் வெளுத்தது வெளுத்ததுதான், இருண்ட நிழலைத்தான் பிறகு வெளிச்சமாகத் தூக்கிவிட முடியும். இதைப் பாய் எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இரண்டாவது முழுக்கு நான் யோசித்துக்கொண்டிருந்ததிலேயே போய்விட்டது.

“இன்னாடி நிக்கிற” என்றார் சேகர்.

“சும்மா இரு.” வெள்ளிக் கவசத்தின் பளபளப்பைப் பார்த்து வெளிச்சத்தை இரண்டு படி இறக்கினேன். திரையில் எல்லாம் இருட்டாகத் தெரிந்தது. துணிந்து காத்திருந்தேன். சூலம் மூன்றாம் முறை மேலே வந்தது. பூசாரி இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி வீசினார். அந்த நீர் அம்மன் முகத்தில் உடைந்த கணத்தில் அழுத்தினேன்.

கிடைத்தது. மூக்குத்தி தெரிந்தது, கன்னத்தில் வழிந்த சொட்டு தெரிந்தது. நிழலை மட்டும் சற்றுத் தூக்கினேன், பூசாரியின் முகமும் வெளியே வந்தது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கேமராவிலிருந்து போனுக்கு, போனிலிருந்து ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். அம்மன் இன்னும் தண்ணீர் ஓரத்தில்தான் நின்றாள். கரையில் ஒவ்வொரு போனாக முனகியது. தனபால் சித்தப்பா ஈர வேட்டியோடு வந்தார்.

“இப்ப எடுத்ததாம்மா? மூஞ்சில பட்ட தண்ணி இன்னும் காயலியே” என்றவர், ட்ரோனோடு வந்திருந்த பையன்களைத் திரும்பிப் பார்த்தார். “எப்பா, இந்தப் படத்ததான் பேனருக்குப் போடறோம்.”

பகல் இரண்டு மணிக்குத் திரும்பினோம். பிலிம் வருஷங்களில் இந்தச் சாலையில் வயிற்றில் நெருப்போடுதான் போவேன். படம் விழுந்ததா இல்லையா என்று தெரிய நாளாகும். இந்த முறை பாகூர் தாண்டும் வரை போனில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கடையில் பெரிய கேமராவை மேசைமேல் வைத்தேன். சேகர் அதை ஏக்கத்தோடு பார்த்தார்.

“அப்ப சின்னதாக்கா? கழட்டிக் குடுங்க, டப்பால போட்டுத் தர்றேன்” என்றார் பாய்.

“டப்பா வேணாம் பாய்” என்று சொல்லிப் பணத்தை எண்ணி வைத்துவிட்டு, கழுத்தில் தொங்கியதைக் கழற்றாமலே வண்டிப் பக்கம் நடந்தேன்.