ஓடாத கிராஸ் கட்டர்

அந்த மிஷினைத் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் கேட்டைத் திறந்து வந்ததைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு குழாய். ஒரு முனையில் தேங்காய் அளவு எஞ்சின், மறுமுனையில் நைலான் நரம்பு சுற்றிய வட்டு. கிராஸ் கட்டராம், நரம்பு சுழன்று புல்லை வெட்டுமாம். அந்தமானிலிருந்து மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போகிற யாரோ ஓர் அதிகாரி, கப்பல் ஏறுமுன் வீட்டுச் சாமான்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டதில் இவர் தலையில் விழுந்தது இது.

“ஓடுமா?” என்று கேட்டேன்.

“ஓடணும்” என்றார்.

எங்கே ஓடியது? கயிற்றை இழுத்து இழுத்து அவருக்குத் தோள்பட்டை வலி வந்ததுதான் மிச்சம். நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. நன்றாகத் திட்டினேன்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. அந்த மழைக்காலத்தில்தான் பின்பக்கம் துணி எடுக்கப் போன என்னைப் பூரான் கடித்தது. இங்கே கான்கஜூரா என்பார்கள். ஊரில் நாம் பார்க்கிற பூரானெல்லாம் இதற்குக் கொள்ளுப்பேத்தி. கால் வீங்கி, ஆஸ்பத்திரியில் வெட்கமில்லாமல் சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். எங்கள் டாலிகஞ்ச் பக்கம் மழை பிடித்தால் விடாது. இந்த வாரம் வெட்டிய புல் அடுத்த வாரம் முழங்காலுக்கு நிற்கும். வேலையில் இருந்தவரைக்கும் அவரே அரிவாளால் வெட்டிவிடுவார். ரிட்டயர் ஆன பிறகு இடுப்பு குனிய விடவில்லை. எனக்குப் பின்கதவைத் திறக்கவே பயமாகிவிட்டது.

“நான் தாம்பரத்துக்கு மகள் வீட்டுக்குப் போறேன். போனா திரும்பி வரமாட்டேன். நீங்க வேணும்னா அங்க வாங்க” என்று சொல்லிவிட்டேன். சும்மா மிரட்டலுக்குச் சொன்னது இல்லை. போவதற்கு மட்டும் டிக்கெட் எடுக்கவும் சொன்னேன். துறைமுக வேலைக்கு வாலிப வயதில் வந்தவர் அவர். மாடி வீட்டில் நாலு சுவருக்குள் இருக்கச் சொன்னால் அவருக்கு மூச்சு முட்டும், அதுவும் எனக்குத் தெரியும். நான் சொன்னபடியே டிக்கெட் எடுத்து வந்தார். அதற்கு அடுத்த வாரம் வாங்கி வந்ததுதான் இந்த மிஷின்.

பக்கத்தில் ஸ்கூட்டர் ரிப்பேர் செய்கிற பெங்காலி மிஸ்திரியிடம் கொண்டுபோனோம். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, “கார்புரேட்டர் கதம், அங்கிள். பேகார் மிஷின், சோட் தோ” என்று கையைத் துடைத்துக்கொண்டார். கார்புரேட்டர் போச்சு, மிஷின் உபயோகமில்லை, விட்டுத்தள்ளு என்கிறார். பெயர் தெரியாத கம்பெனியின் சரக்கு. பழைய கார்புரேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, ஓட்டைக்கு ஓட்டை ஒப்பிட்டு மெயின்லேண்டில் வாங்கினால்தான் பொருந்துமாம்.

“கேட்டீங்கள்ல? கொண்டுபோய்க் கடல்ல போடுங்க” என்றேன். அவர் கார்புரேட்டரை மட்டும் கழற்றித் தரச் சொல்லி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மெயின்லேண்டுக்குப் போகிறவர்களை எங்கள் தீவில் யாரும் வெறுங்கையோடு விடமாட்டார்கள். மிக்ஸி ஜாருக்கு மூடி வேண்டும் என்பார் ஒருவர். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா, புடவைத் துண்டைக் கொடுத்து இதே கலரில் பிளவுஸ் துணி என்றார். எதுவுமே கேட்காதவர் என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். ஹேடோ துறைமுகத்தில் கப்பலுக்குப் பைகளை ஏற்றிய பிறகு, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய அந்தக் கார்புரேட்டரை நீட்டினார்.

“இதே மாதிரி ஒண்ணு பார்த்து வாங்கு. அவசரம் ஒண்ணும் இல்லை.”

“மிஸ்திரியே வேண்டாம்னு சொன்ன சாமானுக்கு நான் கடை கடையா ஏறணுமா? வாங்கினா யாரு கொண்டு வர்றது?”

“பார்த்து ஏறு. படி வழுக்கும்” என்றார்.

அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

தாம்பரத்தில் சுகமாகத்தான் இருந்தேன், பொய் சொல்வானேன். வழுவழுவென்று தரை, லிப்ட், பேரனின் சேட்டை. புல் என்ற பேச்சே இல்லை. அவர் தினமும் சாயங்காலம் போன் செய்வார். மழை பெய்ததைச் சொல்வார், ரசத்தில் உப்பு கூடியதைச் சொல்வார். கார்புரேட்டர் பற்றிக் கேட்கமாட்டார், எப்போது வருகிறாய் என்றும் கேட்கமாட்டார். ஒருநாள் நானே வாய்விட்டு, “பின்பக்கம் எப்படி இருக்கு?” என்றேன்.

“அரிவாளாலதான் கொஞ்சம் கொஞ்சமா வெட்டிக்கிட்டு இருக்கேன். துவைக்கிற கல்லு வரைக்கும் வந்துட்டேன்.”

“இடுப்பு?”

“அது கிடக்கு.”

அன்றைக்கு ராத்திரியே பையிலிருந்து கார்புரேட்டரைத் தேடி எடுத்து வைத்தேன்.

மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு பாரிமுனைக்குப் போனேன். மூன்று கடைகளில் கையை விரித்துவிட்டார்கள். நாலாவது கடைக்காரர் கார்புரேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதே மாதிரி இருக்கும்மா. ஆனா அந்த மிஷினுக்குச் செலவு பண்றது வேஸ்ட். இன்னிக்கு இதை மாத்தினா நாளைக்கு வேற ஒண்ணு போகும். புதுசே எடுத்துடுங்க. அந்தமானா? நாங்களே கப்பல் பார்சல்ல போட்டுடுறோம். ஐயா கைக்கே போயிடும், நீங்க சிரமப்பட வேண்டாம்.”

“அவர் சொல்றதுதாம்மா சரி. அப்பாவுக்கும் வேலை சுலபமாயிடும், நீயும் நிம்மதியா இங்கேயே இருக்கலாம்” என்றாள் மகள்.

இரண்டு பேர் சொன்னதிலும் ஒரு தப்பும் இல்லை. புது மிஷின் போய்ச் சேர்ந்துவிட்டால் புல் வெட்டியாகிவிடும். அதற்காக நான் அங்கே போக வேண்டிய அவசியமே இராது. அதை நினைத்ததும் கடைக்காரர் கையிலிருந்து பழைய கார்புரேட்டரை வாங்கிக்கொண்டேன்.

“புதுசு வேண்டாம். இது மாதிரியே ஒண்ணு குடுங்க.”

“சரி, இதையாவது பார்சல்ல...”

“பார்சலும் வேண்டாம். நானே கையோட கொண்டுபோறேன்.”

மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும் என்று வெளியே வந்து அவருக்குப் போன் போட்டேன். சாயங்காலத்துக்கு முன்னால் நான் கூப்பிட்டதில் பதறிப்போய் எடுத்தார்.

“ஏங்க, சாமான் கிடைச்சிடுச்சு. இங்கேருந்து அடுத்த கப்பல் எப்பன்னு ஹேடோல போய் விசாரிச்சு...”

“வெள்ளிக்கிழமை” என்றார், நான் சொல்லி முடிக்கும் முன்பே.