எருவில் பூத்த பச்சை

மட்கிய சாணி எருவின் மேல் அப்படியொரு பச்சை பூக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. கோணிச்சாக்கை விலக்கினால், கிளிப்பச்சையில் பூசணம் படர்ந்திருந்தது. டிரைக்கோடெர்மா பொடியை எருவில் கலந்து, தண்ணீர் தெளித்து, புளியமர நிழலில் மூடிவைத்தது நான்தான். இந்தப் பூசணம் மண்ணுக்குள் போனால், கடலைச் செடியின் வேரை அழுகவைக்கும் கெட்ட பூசணத்தைத் தின்றுவிடும் என்று வேளாண்மை அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். முந்தின வருஷம் நாச்சியாபுரத்தில் எங்கள் கடலை பாதிக்குமேல் வேரழுகிப் போயிருந்தது. "இந்தத் தடவையும் போச்சுன்னா சிங்கப்பூருக்குக் கெளம்பிருவேன்" என்று சொல்லிவிட்டு, பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டார் வீட்டுக்காரர். பச்சையைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

எங்களோடு இருந்த நாத்தனார் அவரைத் தூக்கி வளர்த்த அக்கா. தம்பி போய்விடுவான் என்ற பயம் என்னைவிட அவருக்குத்தான் அதிகம். அரிசியோ வத்தலோ, பூசணம் பிடித்தால் அள்ளி வெயிலில் போடுவார். எங்கள் பக்கத்தில் யாரும் அதைத்தான் செய்வார்கள். விதைப்பு நேரத்தில் ஒரு சாவுக்குப் போய்த் தங்கிவிட்டுத் திரும்பினேன். களம் முழுக்க எரு பரத்திக் கிடந்தது. அள்ளினால் சாம்பல் மாதிரி உதிர்ந்தது.

"என்ன காரியம் செஞ்சுட்டீக மதினி! வெயிலு பட்டா அது செத்துருமே!"

"எது?"

"பூசணம்."

"அதுக்குத்தானே ஆத்தா காயவச்சேன்!"

வெயிலில் நின்று கிளறிக் கிளறி முகம் கறுத்துப்போயிருந்தது அவருக்கு. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். மறுபடி வளர்க்க நேரமில்லை. மழை விழுந்துவிட்டது, அந்த எருவையே போட்டு விதைத்தோம். திட்டுத் திட்டாகச் செடி வாடியது. ஒரு மூலை மட்டும் பிழைத்தது. வீட்டுக்காரர் சொன்னபடியே சிங்கப்பூருக்குக் கிளம்பிப் போனார்.

"நான் காயவச்சதாலதான் அந்த மூலையாவது மிஞ்சுச்சு" என்று கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார் நாத்தனார். தம்பி மேல் உயிரை வைத்துச் செய்த காரியம் அது. அதுவே அவனைக் கப்பலேற்றியது என்று எந்த முகத்தோடு சொல்வேன்?

இப்போது நாத்தனாரும் உயிரோடு இல்லை. வருஷா வருஷம் நிழலில் பூசணம் வளர்த்து எருவோடு போடுகிறேன். வேரழுகல் ரொம்பக் குறைந்துவிட்டது. ஆனால் வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் வேலையை நீட்டித்துக்கொள்கிறார். அந்த ஊர் பழகிவிட்டதாம். போன வாரம் போனில் கடலை நன்றாயிருப்பதைச் சொன்னேன்.

"எருவ அக்கா மாதிரியே வெயில்ல போட்டியா?" என்றார்.

விளக்கிச் சொல்லத் தெம்பில்லை எனக்கு. "போட்டேங்க" என்றேன்.